அண்ணன் போட்ட மாத்திரைகள்

1

லிமரிக்கில் மழை பெய்யாத நாள் எது என்று கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அயர்லாந்துக்கு வந்து, இங்கேயே மகளும் பிறந்து, அவள் காலேஜுக்கும் போய்விட்டாள். மழைக்கு மட்டும் எனக்கு இன்னும் பழக்கமாகவில்லை. போன வாரமும் அப்படியொரு மழைக் காலையில்தான் வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு நர்சிங் மாணவிகள்.

மருந்து கொடுக்கும்போது நாங்கள் சிவப்பு மேலங்கி ஒன்று போட்டுக்கொள்வோம். பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். முதன்முதலில் அதைப் போட்டு எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பியபோது, திருவொற்றியூரிலிருந்து என் அண்ணன் ஒரே ஒரு வரி திருப்பி அனுப்பினார்: "இன்னாம்மா, சென்ட்ரல்ல போர்ட்டர் வேலையா?"

மருந்து கொடுப்பது என்றால் சந்தேகப்படுவது. மாணவிகளிடம் நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன். கட்டிலில் இருப்பவர் அவர்தானா என்று சந்தேகப்பட வேண்டும். நேற்று அரைமணி நேரம் ஊர்க்கதை பேசியவராகவே இருந்தாலும், பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். மருந்து அதுதானா, அளவு அதுதானா, வாய்வழியா ஊசியா, நேரம் சரியா. இன்சுலின் என்றால் என்னையே நான் நம்பக்கூடாது. இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவளும் என்னை நம்பாமல் தானே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இதில் யாருக்கும் கோபம் வராது. நம்பாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அன்று மாணவிகளில் ஒருத்தி கேட்டாள். "வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் ஏன் கேட்கிறீர்கள்? அதுதான் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே?"

"கம்ப்யூட்டரில் இருப்பது டாக்டர் எழுதியது. கட்டிலில் இருப்பவர் வீட்டில் விழுங்குவது என்ன என்று அவருக்குத்தான் தெரியும்" என்றேன்.

தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு வந்தாள். நான் சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கும் பதில்தான். எனக்கு அதைப் புரிய வைத்தது என் அண்ணன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

2

அண்ணன் பெயர் எத்திராஜ். எண்ணூர் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போய் சீக்கிரமே படுத்துவிட்டதால், என்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர் அவர்தான்.

அவர் குடிப்பார். குடித்துவிட்டு அடிக்க மாட்டார், எதையும் உடைக்க மாட்டார். தூங்குவார். மறுநாள் வேலைக்குப் போக மாட்டார். தன் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்க முடியாமல் விழுந்தார். அதற்கு மறுநாளிலிருந்து குடிக்கவில்லை. யாரும் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டவில்லை. மாலை போடவில்லை. சும்மா விட்டார். அதன் பிறகு எனக்கு அடிக்கடி போன் வரும். "அமுதா, இன்னிக்கும் இல்லம்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அவருக்குச் சர்க்கரை பல வருடங்களாக உண்டு. குடித்த காலத்தில் மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. குடியை விட்ட பிறகுதான் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். சோற்றைக் குறைத்தார், காலையில் கடற்கரைப் பக்கம் நடந்தார், கொடுத்த மாத்திரை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

ஒரு மார்ச் மாதம், நான் டீ குடிக்க உட்கார்ந்த நேரம், அண்ணி கூப்பிட்டாள். கஸ்தூரி அண்ணி. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை.

"அமுதா, உங்க அண்ணன் மறுபடியும் ஆரம்ச்சிட்டாரு."

"என்ன சொல்றீங்க அண்ணி?"

"பசங்களுக்குப் பரிச்சன்னு சீக்கிரம் வூட்டுக்கு வந்தேன். வாசல்ல உக்காந்துகினு கீறாரு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு போயிருக்கு. கண்ணு எங்கியோ சொருவிகினு கீது. இன்னாயா ஆச்சுன்னா, கன்னா பின்னான்னு திட்றாரு. கொஞ்ச நேரம் கய்ச்சி எந்திரிச்சு, நா எப்ப உன்ன திட்னேன்றாரு."

அது ஒரு தடவை இல்லை. யார்டிலும் அப்படி ஆகியிருக்கிறது. வண்டியைக் கொண்டுபோய் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் மேல் இடித்திருக்கிறார். ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் ஒன்றும் காட்டவில்லை. "சரக்கு இல்லன்னா இவன் மாத்திரை போட்றான்" என்று சூப்பர்வைசர் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் பக்கம் மாத்திரை போடுகிறான் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். போதைக்கு வலி மாத்திரை விழுங்குகிறவர்களை அப்படிச் சொல்வார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி: "வாசனை வந்துதா அண்ணி?"

"வரல. அதான் எனக்கு பயமே. வாசனை வராத சரக்கு இன்னா கீது, நீயே சொல்லு?"

எனக்குத் தெரிந்த வாசனை வராதவை எல்லாம் மனதில் வரிசையாக வந்து நின்றன. அன்று சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டேன். நோயாளிகளிடம் பேசும் குரல் ஒன்று எனக்கு உண்டு, பதமான குரல். அந்தக் குரலில் கேட்டேன்.

"நா குடிக்கல அமுதா."

"கோபப்படல அண்ணா. உண்மையச் சொன்னா உதவி பண்ணலாம்."

அவர் போனை வைத்துவிட்டார்.

3

நம்மை ஒருத்தர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்த ஊருக்கு வர விண்ணப்பித்தபோது, என் சான்றிதழில் இருந்த கே. அமுதாவும் பாஸ்போர்ட்டில் இருந்த அமுதா கோதண்டனும் ஒரே ஆள்தானா என்று இங்கே ஓர் அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோதண்டன் என் அப்பா. நம் ஊரில் அவர் முன்னால் ஓர் எழுத்தாக நிற்பார். இங்கே பின்னால் முழுப் பெயராக வந்து நிற்கிறார். இதை விளக்கி நான் அனுப்பிய கடிதத்துக்கு, விளக்கத்தை அனுப்பியவரும் அதே அமுதாதான் என்பதற்கு ஆதாரம் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. ஊரில் எனக்காக வக்கீல் ஆபீஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்தவர் அண்ணன்தான். முத்திரை குத்திய தாளை அனுப்பிவிட்டுச் சொன்னார்: "உன் பேரையே நம்பமாட்றானுங்க. நீ குடுக்கிற மாத்திரைய எப்டிமா நம்பி முழுங்குவானுங்க?"

வந்த புதிதில் மொழியும் காலை வாரியது. வயிற்றில் தையல் பிரிந்த ஒரு கிழவர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "கிராண்ட்" என்றார். நம் ஊரில் கல்யாணம் கிராண்ட், கச்சேரி கிராண்ட். இவருக்கு என்ன கிராண்ட் என்று குழம்பி, ஏதோ மயக்கத்தில் உளறுகிறார் என்று டாக்டரைக் கூப்பிட்டுவிட்டேன். இந்த ஊரில் அதற்குப் பரவாயில்லை என்று அர்த்தமாம்.

என் மகள் தாரணிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கே எல்லாம் கிராண்ட்தான். நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவளுடைய தமிழ் போதும், வேணாம், பசிக்குது என்ற அளவில் நின்றுவிட்டது. யாரும் சொல்லாமல் அவளும் நர்சிங்கில் சேர்ந்தாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மருந்துப் பெயர்களை முணுமுணுத்து மனப்பாடம் செய்வாள். நான் திருத்தப் போனால் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள்.

அந்த வருடம் அவளுக்கு முதலாமாண்டுப் பரீட்சை முடிந்ததும் மே மாதக் கடைசியில் இருவரும் ஊருக்குக் கிளம்பினோம். மாமாவைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அவளிடம் சொன்னேன். எதற்குப் போகிறோம் என்று சொல்லவில்லை.

4

திருவொற்றியூர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் அண்ணன் ஓடி வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். தோளில் சாய்ந்தபோது கொஞ்சம் கூடுதல் நேரம் அப்படியே நின்றேன்.

"மோந்து பாத்தியா?" என்றார் காதருகே.

"இல்லண்ணா."

"பாத்த."

சிரித்தபடியேதான் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோடை விடுமுறை என்பதால் அண்ணி வீட்டிலேயே இருந்தாள். அவளும் நானும் அந்த வீட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் மாதிரி இருந்தோம். அவர் குளிக்கப் போனால் அண்ணி சட்டைப் பையைத் துழாவுவாள். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் நான் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் எட்டிப் பார்ப்பேன். அவருக்கு வேர்த்தால் அது வெயிலா வேறெதுவுமா என்று தெரியவில்லை. மே மாதத்துச் சென்னையில் யாருக்கு வேர்க்கவில்லை? பேசும்போது ஒரு வார்த்தை குழறினால் அண்ணி என்னைப் பார்ப்பாள். நான் அண்ணனின் கண்ணைப் பார்ப்பேன்.

அவருக்கு இது தெரியும். வேலையும் இல்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். யார்டிலிருந்து கூப்பிடுவதாகச் சொன்னவர்கள் கூப்பிடவே இல்லை.

இரண்டாம் நாள் காலை எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது தாரணி வார்த்தை வார்த்தையாகக் கூட்டித் தன் தமிழை எடுத்தாள்.

"மாமா, நீங்க இன்னிக்கு மருந்து குடிச்சீங்களா?"

அண்ணி கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. எங்கள் ஊரில் மருந்து குடிப்பது என்றால் விஷம் குடிப்பது. அண்ணன்தான் முதலில் சிரித்தார். நாங்கள் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"இன்னும் இல்ல பாப்பா. உங்க அத்த இப்டியே பேஜார் பண்ணிகினு இருந்தா குட்ச்சிருவேன்."

தாரணிக்கு ஒன்றும் புரியவில்லை. "நோ, நோ. மாத்திரை. என்ன மாத்திரை போடுறீங்க?" என்று திருத்தினாள். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. அந்த வார்த்தையைச் சொல்லித்தானே அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அண்ணன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நான் குறுக்கே வந்து, "சும்மா இரு தாரணி, சாப்பிடு" என்றேன்.

அவள் கேட்டது நேரான கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

5

அடுத்த நாள் அதிகாலை மணலி எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து வாடை அடித்ததால் ஜன்னலைச் சாத்த எழுந்தேன். கீழே அண்ணி, அண்ணனின் பைக்கில் சாமான் வைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

பெட்டிக்குள், துடைக்கிற துணிக்கு அடியில், கறுப்பாகப் பாதி நிறைந்த ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில்.

"மிக்ஸிங்குக்கு" என்றாள் அண்ணி. "கண்டுபுட்சேன் பாத்தியா."

நான் திறந்து முகர்ந்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கேஸ் போன வெறும் கோலா. சரக்கு வாசனை துளியும் இல்லை. இன்னும் கலக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் இல்லாததும் ஓர் ஆதாரம் ஆகிவிடும்.

அண்ணி அதைச் சாக்கடையில் ஊற்றினாள். வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அண்ணன் எழுந்து வந்து காலி பாட்டிலைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய், வழக்கம்போல மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை போடாத டீயைக் குடித்தார். இட்லியைத் தொடவில்லை.

"சாப்பிடுண்ணா."

"எனுக்கு வோணாம்."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

6

மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தோம். அண்ணன் உள்ளே வந்தார்.

"கஸ்தூரி, சாவிய குடு. கடைக்குப் போய்ட்டு வரன்."

"இன்னா கடைக்கு?"

"கடைக்கு."

"அதான், இன்னா கடைக்கு?"

கடை என்றால் அந்த வீட்டில் பல வருடங்களாக ஒரே ஒரு கடைதான். அண்ணி இடுப்பைக் கையால் மூடிக்கொண்டாள். அவர் கை நீட்டினார். நீட்டிய கை அவளுக்கு ஒரு முழம் பக்கவாட்டில் போய் நின்றது. அவர் வாயிலிருந்து கெட்ட வார்த்தைகள் வந்தன. அண்ணியைப் பார்த்து இல்லை, யாரையோ பார்த்து. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. திரும்பி நடந்தவர் சுவரில் தோளை உரசிக்கொண்டே போய், கூடத்தில் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா! இப்ப உன் கண்ணால பாத்தியா!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "பாட்டில ஊத்துனா இன்னா, எங்கியோ வேற வச்சிருக்காரு!"

நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். இத்தனை வருட வேலையில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று நான் முதலில் செய்தது அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனதுதான்.

"மம்மி!" என்று பின்னால் நின்ற தாரணி இங்கிலீஷில் கத்தினாள். "என்ன பண்றே? சுகர் பாரு! முதல்ல சுகர்!"

நினைவு தடுமாறுகிற யாராக இருந்தாலும் முதலில் சர்க்கரையைப் பார். அவளுக்கு அந்த வருடம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதே பாடம் நடந்து எவ்வளவோ காலம் ஆகிறது. போன தடவை நான் வாங்கி வைத்துவிட்டுப் போன சுகர் மெஷின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. அவள்தான் எடுத்து வந்தாள், அவள்தான் குத்தினாள். எண் நாற்பதுக்கும் கீழே நின்றது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

நான் அதன் பிறகுதான் நர்ஸ் ஆனேன்.

"அண்ணி, சர்க்கரை. தண்ணில கலக்கிக் குடுங்க, சீக்கிரம்."

"சுகர் இருக்கிற மனுசனுக்கா?"

"குடுங்க அண்ணி!"

அவருக்கு எட்டாமல் பரண் மேல் ஒளித்து வைத்திருந்த சர்க்கரை டப்பாவை அண்ணி நாற்காலி போட்டு எடுத்தாள். நினைவு முழுக்கப் போயிருந்தால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. நுரையீரலுக்குப் போய்விடும். இவர் கூப்பிட்டால் திரும்பினார், சொன்னால் விழுங்கினார். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பாதி சட்டையில் வழிந்தது. தாரணி அவர் கையைப் பிடித்தபடி, "மாமா, குடி, குடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவரிடம் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் டம்ளரைப் பார்த்தார்.

"கெடச்சிச்சா?" என்றார். "அதுக்குத்தான கடைக்குப் போணும்னேன்."

7

அவர் மெல்லச் சொன்னார். சில நாட்களில் காலையில் உள்ளுக்குள் ஏதோ காலியாகி, உலகம் தூரமாகப் போய்விடும். ஒரு நாள் தற்செயலாகக் கூல்டிரிங்ஸ் குடித்தபோது தெளிந்தது. அதிலிருந்து பாட்டிலில் வைத்துக்கொண்டார்.

"அத ஏன்யா சொல்லல?" என்றாள் அண்ணி.

"சொன்னா? சுகர வச்சிகினு கலரு குடிக்கிறியான்னு கத்துவ. இல்ல, மிக்ஸிங்கான்னு கேப்ப. ரெண்டுல இன்னா சொல்றது?"

அண்ணி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தெளிந்துவிட்டாரே, படுத்தால் சரியாகிவிடும் என்றாள் பிறகு. நான் விடவில்லை. இப்படி இறங்கிய சர்க்கரை, மாத்திரையின் வேகம் தீரும்வரை திரும்பத் திரும்ப இறங்கும். ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளம் டாக்டர் ஒருத்தர் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குடிப்பாரா?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் அண்ணி முந்திக்கொண்டாள். "இல்ல சார். அவரு வுட்டு ரொம்ப நாளாச்சு."

கட்டிலில் கிடந்த அண்ணன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

கையில் டிரிப்ஸ் ஏறும்போது, கிளம்புகிற அவசரத்தில் தாரணி தூக்கி வந்திருந்த அவருடைய மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டினோம். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவது அந்தப் பொடி எழுத்தைத்தான். தாரணி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தாள். ஒன்றில் பச்சை மாத்திரை, இன்னொன்றில் வெள்ளை. பெரிய பெயர்கள் வேறு வேறு. பொடி எழுத்தில் இரண்டிலும் ஒன்றுதான் இருந்தது. கிளிமிபிரைட்.

"மாமா, இது ரெண்டும்... சேம். ஒண்ணு. ஏன் ரெண்டு?"

பச்சை மாத்திரை கவர்மென்டில் மாதாமாதம் வாங்குவது. வெள்ளை, யார்டில் வருடாந்தரச் சோதனையில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து அங்கே வந்த டாக்டர் எழுதியது. "மாத்திரை போடறியான்னு கேட்டாரு. அப்ப நா தண்ணியில இருந்தேன், ஒண்ணும் ஒயுங்கா போடறதில்ல. இல்ல சார்னேன். எழுதிக் குட்த்தாரு. அப்பால குடிய வுட்டேன். இனிமேட்டு ஒடம்ப பாத்துக்கலாம்னு ரெண்டையும் போட ஆரம்ச்சேன். ஒண்ணு பச்ச, ஒண்ணு வெள்ள. எனுக்கு இன்னா தெரியும்?"

இந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பிலிருந்து இன்சுலினைப் பிழிந்து எடுக்கும். அதுவே இரண்டு மடங்கு. அவரோ சோற்றையும் குறைத்து இளைத்திருந்தார். போதாததற்குப் பிரஷருக்கு ஒரு மாத்திரை. சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் அது அமுக்கிவிடும். அதனால் ஆபத்து நெருங்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மிஞ்சியது வேர்வை ஒன்றுதான். அதை நாங்கள் வெயில் என்றோம், இல்லாவிட்டால் சரக்கு என்றோம்.

குடித்துக்கொண்டு மாத்திரையைத் தவறவிட்ட காலத்தில் அவருக்கு இது நடக்கவில்லை. திருந்தி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நடந்தது. அவரைக் கேட்டவர்கள் எல்லோரும், நானும் சேர்த்து, குடித்தாயா என்றே கேட்டோம். என்ன விழுங்குகிறாய் என்று கேட்டவளை நான் அதட்டி உட்கார வைத்தேன்.

மறுநாள் வரை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவை மறுபடி இறங்கியது, சமாளித்தார்கள். இரண்டு அட்டைகளையும் நிறுத்திவிட்டு வேறு மருந்து எழுதினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அண்ணன் செருப்பைத் தேடியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மயக்கத்துல நா இன்னா பேசுனேன்னு எனுக்கு ஞாபகம் இல்ல அமுதா. தெளிஞ்சப்பறம் நீங்க பேசுனதெல்லாம் ஞாபகம் கீது."

8

டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டியதும் யார்டில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் தரவில்லை. கேட்டில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டிகளைக் குறிக்கிற வேலை. உட்காருவதற்கு முன் தினமும் மெஷினில் ஊதச் சொல்கிறார்களாம். வேறு யாரையும் சொல்வதில்லையாம். "ஊதிட்டுப் போறேன், இன்னா இப்ப" என்று அண்ணி மூலம் செய்தி வந்தது. அண்ணியின் பையில் இப்போது எப்போதும் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. அவள் அவரைச் சந்தேகப்படுவதை முழுக்க விட்டுவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அவர் இட்லியைத் தொடாமல் எழுந்தால் விடுவதில்லை.

"இன்னிக்கும் இல்லம்மா" என்ற போன் எனக்கு இப்போது வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். நான் எடுத்தால் மழையைப் பற்றி விசாரிப்பார், மெட்ரோ ஸ்டேஷன் கூட்டத்தைப் பற்றிச் சொல்வார். அப்புறம், "பாப்பா அங்க கீதா?" என்பார். தாரணி போனை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். புது மாத்திரை எது வந்தாலும் அவளிடம் காட்டாமல் அவர் போடுவதில்லை. "சின்ன எழுத்து, மாமா, சின்ன எழுத்து காட்டுங்க" என்று அவள் கத்துவது கதவு வழியாகக் கேட்கும். அவள் தமிழ் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் கூடியிருப்பது மெட்ராஸ் தமிழ். முந்தாநாள் என்னிடம், "இன்னா மம்மி, சோறு கீதா?" என்றாள்.

நேற்று ஞாயிறு. அண்ணன் வீடியோவில் வந்தார். முட்டி வலிக்கு யாரோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தாரணி குளித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் காட்டுண்ணா, நான் பாக்கிறேன்" என்றேன்.

அவர் அட்டையைக் காமிராவுக்கு நேராகப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இறக்கிவிட்டார்.

"நீ வோணாம் அமுதா."

"ஏன்?"

"நா மாத்திரைய காட்றேன். நீ என் மூஞ்சியதான் பாத்துகினு கீற."

அவர் அட்டையைக் காட்டிய நேரம் முழுக்க நான் பார்த்தது அவர் கண்களைத்தான். சிவந்திருக்கிறதா, சொருகுகிறதா என்று.

"பாப்பா வர்ட்டும். நா இருக்கேன்" என்றார்.

போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, ஈரத் தலையோடு தாரணி வரும் வரை இருவரும் காத்திருந்தோம்.